படிப்பு வராத பிள்ளை

ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் கூறிவிடும் ஒரு சொல் எத்தனை ஆண்டுகள் உயிர் வாழும்? ஓராண்டா, ஈராண்டா? அன்றி, அப்பிள்ளை பள்ளியை விட்டு வெளியேறும் வரைதானா? முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து 2006ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற நமக்கு, இக்கேள்விக்குரிய விடை அண்மையில்தான் கிடைத்தது. அந்த விடை நமக்கு மகிழ்ச்சி தருவதாக இல்லை. எனினும், பிள்ளைகளைப் பெற்றோரும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போரும் அறிய வேண்டியது அது என்பதால் மறைக்காது எழுதுகிறோம்.

இராமநாதபுரம் கடற்கரையோரத்தில் முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழும் ஓர் ஊர். அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் 1979ஆம் ஆண்டு நாம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தோம். அவ்வகுப்பில் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகன் படித்தான். அவன் பெயர் இங்கு வேண்டாம். வைகறையில் பள்ளிவாசலை ஒட்டிய மக்தபில் ஓதுவான். பகலில் நம் வகுப்பில் அமர்வான். மாலையில் வாப்பாவின் கடையில் நிற்பான். எழுப்பிக் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். தலை தாழ்ந்திருக்கும், வாய் திறவாது. கரும்பலகைக்கு அழைத்தால் சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தவாறு சிலைபோல் நிற்பான். 20.00இலிருந்து 13.40ஐக் கழிக்கச் சொன்னால், பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்க வேண்டிய இடத்தில் தவறிவிடுவான். ஐந்தாம் வகுப்பில் முடித்திருக்க வேண்டிய கணக்கு அது.

ஒரு நாள் இலாப நட்டக் கணக்கு நடத்தினோம். “ஒரு வணிகர் ஒரு மூட்டை அரிசியை 180 ரூபாய்க்கு வாங்கி 162 ரூபாய்க்கு விற்றார். அவருக்கு ஏற்பட்ட நட்டம் நூற்றுக்கு எவ்வளவு?” என்று எழுதிவிட்டு, அவனை எழுப்பினோம். வழக்கம்போல் தலை குனிந்து நின்றான். பின்னர், அவ்வாண்டில் முதன்முறையாக, நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டான்.

“சார், அவர் ஏன் நட்டத்துக்கு வித்தார்?”

வகுப்பே சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, சினந்தோம். கணக்குத் தெரியாததை மறைக்கக் குறும்பு செய்கிறான் என்று எண்ணினோம். “கேட்டதற்குப் பதில் சொல், கேட்காததைப் பேசாதே” என்று கூறி அமர வைத்தோம். அதன் பின் அவன் நம் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை.

முழு ஆண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் அவன் பெற்றது 12 மதிப்பெண். அவனுடைய வாப்பாவை வரவழைத்தோம். “பையன் நல்லவன்தான். ஆனால் இவனுக்குப் படிப்பு வராது. வீணாக ஆண்டுகளைக் கழிக்காமல் கடையில் வையுங்கள்” என்றோம். அவனும் அருகில் நின்றிருந்தான். அந்தப் பெரியவர் மறுத்து ஒரு சொல் கூறவில்லை. “வாத்தியார் நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும்” என்று கூறி, தோளில் கிடந்த துண்டை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு, மகனை அழைத்துச் சென்றார். ஆசிரியரின் சொல்லைத் தட்டக்கூடாது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த பண்பு. அப்பண்பு அன்று அப்பிள்ளைக்கு எதிராக நின்றது.

அவ்வாண்டு ரமலான் மாதத்தில் ஒரு மாலை, நோன்பு திறக்கச் சற்று நேரமே இருந்தபோது, அந்தக் கடைக்குச் சென்றோம். கடை நிறையக் கூட்டம். பையன்தான் கல்லாவின் அருகே நின்றான். நமக்கு முன் நின்ற மூதாட்டி மூன்றரைக் கிலோ அரிசியும், முக்கால் கிலோ பருப்பும், 200 கிராம் மல்லியும் கேட்டார். அரிசி கிலோ 2 ரூபாய் 40 காசு. பருப்பு 4 ரூபாய் 80 காசு. மல்லி 7 ரூபாய். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. பொட்டலத்தை மடித்துக்கொண்டே, “பதிமூணு ரூபா நாற்பது காசு பெரியம்மா” என்றான். அவர் இருபது ரூபாய்த் தாளை நீட்டினார். பையன் பத்துக் காசை வைத்துப் “பதிமூணரை” என்றான். ஐம்பது காசை வைத்துப் “பதினாலு” என்றான். ஒரு ரூபாயை வைத்துப் “பதினஞ்சு”. ஐந்து ரூபாய்த் தாளை வைத்து “இருபது”. அவ்வளவுதான். கரும்பலகையில் அவன் தவறிய அதே கணக்கை, 20.00இலிருந்து 13.40ஐ, நம் கண்முன்னே கழித்துக் காட்டிவிட்டான். கடன் வாங்கவில்லை, கீழிருந்து மேலே ஏறிச் சென்றான்.

நம்மைக் கண்டதும் தலை குனிந்தான்.

இனித்தான் நம் குற்றம் வருகிறது. அப்போதே அவனுடைய வாப்பாவிடம் சென்று, “நாம் சொன்னது தவறு, பையனைத் திரும்ப அனுப்புங்கள்” என்று கூறியிருக்கலாம். கூறவில்லை. “கடைக் கணக்கு வேறு, பள்ளிக் கணக்கு வேறு” என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். பெருநாள் கழிந்ததும் பையன் சென்னையில் தாய்மாமன் கடைக்கு அனுப்பப்பட்டான் என்று கேள்வியுற்றோம்.

அதற்குச் சில நாட்களுக்குப் பின், மக்தபில் ஓதிக்கொடுத்த ஆலிம்சாவிடம் பேச்சுவாக்கில் அவனைப் பற்றிக் கூறினோம். அவர் வியப்புற்றார். “அவனா? அவனுக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதுமே. ஆனால் எல்லார் முன்னாலும் எழுப்பிக் கேட்டிருப்பீர்கள். அவன் அப்படிப் பேசமாட்டான். பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும்” என்றார். அப்போது அது நமக்கு ஒரு குறை கூறலாகப் பட்டதே தவிர, கல்விமுறை பற்றிய ஒரு பெரும் உண்மையாகப் படவில்லை.

ஓய்வு பெற்ற பின்னரே படிப்பதற்கு நமக்கு நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க, நாம் அவனிடம் குறை என்று கண்ட மூன்றையும் உலகின் வேறு வேறு மூலைகளில் அறிஞர் பலர் முன்பே கண்டு ஆராய்ந்திருந்தனர் என்பது தெரிந்தது.

முதலாவது, அவன் கேட்ட கேள்வி. அலெக்சாண்டர் லூரியா என்னும் ரஷ்ய உளவியல் அறிஞர் 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, பள்ளியறியாத உழவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டார். “பனி மூடிய தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை நிறம். நோவாயா செம்லியா தூர வடக்கில் உள்ளது. அங்கே கரடிகள் என்ன நிறம்?” என்பது அவற்றுள் ஒன்று. விடை கேள்வியிலேயே இருக்கிறது. ஆயினும் அவ்வுழவர்களுள் சிலர், தாம் கண்டது கருங்கரடி மட்டுமே என்றும், காணாததைப் பற்றிப் பேசுவது தம் வழக்கமன்று என்றும் கூறிவிட்டனர். சிறிதளவேனும் பள்ளிக்கல்வி பெற்றிருந்தோர் அதே கேள்விக்குத் தடையின்றி விடை கூறினர். லூரியாவின் நூல் பல்லாண்டுகள் கழித்து 1974இல்தான் வெளிவந்தது.

அவ்வுழவர்கள் அறிவிலிகளா? அல்லர். பருத்தி எப்போது விளையும், எங்கே விளையாது என்பதை அவர்கள் நன்கு எண்ணிப் பார்த்துக் கூறக்கூடியவர்கள். உலகத்தை மறந்துவிட்டுக் கேள்விக்குள் மட்டும் நின்று விடை கூறுவது என்பது ஒரு தனிப் பழக்கம். அப்பழக்கத்தைப் பள்ளிக்கூடம் தருகிறது, பிறவி தருவதன்று. நம் மாணவன் மளிகைக் கடையில் வளர்ந்தவன். 180 ரூபாய்க்கு வாங்கியதை 162 ரூபாய்க்கு விற்பவர் அவனுக்கு வெறும் கணக்குப் புத்தகத்து மனிதர் அல்லர். முதலை இழந்து நிற்கும் ஒரு மனிதர். ‘ஏன்’ என்று அவன் கேட்டது, கணக்கை அவன் உண்மை என்று எடுத்துக்கொண்டதால்தான். அக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு அன்று ஒரு நாழிகை பேசியிருந்தால் வகுப்பு முழுவதும் நூற்று விழுக்காட்டைப் புரிந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, அவனுடைய கடைக் கணக்கு. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்தில் தெருவோரம் பொருள் விற்கும் சிறுவர்களைப் பற்றி, தெரெசின்யா கராஹெர் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலச் சென்று ஐந்து சிறுவர்களிடம் விலை கேட்டனர். இளநீர்க்காய் விற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் ஒன்று 35 குருசேரோ வீதம் பத்துக் காய்கள் எவ்வளவு என்றனர். அவன் மூன்றுக்கு 105 என்றான், இன்னும் மூன்று சேர்த்து 210 என்றான், பின்னர் 315, அதன்மேல் ஒன்று சேர்த்து 350 என்றான். பத்தால் பெருக்க ஒரு சுன்னம் சேர்த்தால் போதும் என்று பள்ளி கற்பிக்கிறது. அவனோ விற்கும் வழியிலேயே எண்ணினான். தெருவில் கேட்ட கணக்குகளில் அச்சிறுவர்கள் 98.2 விழுக்காடு சரியாகக் கூறினர். பின்பு அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது சரியாகச் செய்தவை 36.8 விழுக்காடே. ஒரே சிறுவர்கள், ஒரே கணக்குகள், இடமும் வடிவமும்தான் வேறு.

இதைப் படித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. ரெசிஃபே நகரத்துக்குச் செல்லாமலேயே நாம் அதே காட்சியை, ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் ஊர் மளிகைக் கடையில் கண்டிருந்தோம். அவர்கள் கண்டு ஆராய்ந்தனர். நாம் கண்டுவிட்டு வாளா இருந்தோம்.

மூன்றாவது, அவனுடைய மௌனம். பெரியவர் முன் குரல் உயர்த்தாதே, கண்ணுக்கு நேர் பார்க்காதே, கேட்டால் மட்டும் பேசு என்று சொல்லித்தான் நம் வீடுகளில் ஆண் பிள்ளையையும் பெண் பிள்ளையையும் வளர்க்கிறோம். வீட்டில் அது ஒழுக்கம் எனப் பாராட்டப்படுகிறது. அதே பிள்ளை வகுப்பறையில் அவ்வாறே நின்றால் ‘ஒன்றும் தெரியாதவன்’ என்று பெயர் பெறுகிறான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் பகுதியில் வாழும் பழங்குடி மக்களின் பிள்ளைகளைச் சூசன் பிலிப்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். 1972இல் வெளிவந்த அவ்வாய்வில் அவர் கண்டது இது: அப்பிள்ளைகள் வகுப்பு முழுவதும் பார்த்திருக்க ஆசிரியர் எழுப்பிக் கேட்டால் மௌனமாகி விடுகின்றனர், தமக்குள் சிறு குழுவாக வேலை செய்யும்போதும், ஆசிரியரிடம் தனியே சென்று கேட்கும்போதும் தாராளமாகப் பேசுகின்றனர். நம் ஆலிம்சா ஆராய்ச்சி எதுவும் செய்யாமலே இதனை அறிந்திருந்தார்.

மக்தபின் முறையை எண்ணிப் பாருங்கள். அங்கே முப்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் ஓதினாலும் முப்பது பேருக்கும் ஒரே பாடம் இல்லை. ஒருவன் அலிஃப், பே படிப்பான். அவன் பக்கத்தில் இருப்பவன் ஐந்தாம் ஜுஸ்வு ஓதுவான். ஒவ்வொருவனும் முறை வரும்போது உஸ்தாதின் அருகே அமர்ந்து, மெல்லிய குரலில் தன் சபக்கை ஒப்பிப்பான். தவறினால் அவனுக்கும் உஸ்தாதுக்கும் மட்டுமே தெரியும். தேறினால் மறுநாள் புதுப் பாடம். தேறாவிட்டால் அதே பாடம். அங்கிருந்து நேரே நம் வகுப்புக்கு வரும் பிள்ளையை, நாற்பது பேர் பார்த்திருக்கக் கரும்பலகையின் முன் நிறுத்தினோம். ‘வாய் திறக்கவில்லை’ என்று அவன்மேல் பழியும் போட்டோம்.

இவ்வளவும் கூறியதால், வீட்டுப் பழக்கம் எல்லாம் நன்று, பள்ளிதான் தீது என்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. அதனை நமக்கு முதலில் எடுத்துரைத்தவர் மேலைநாட்டார் அல்லர். தூனிஸ் நகரில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில், அறிவு அவையில் ஆண்டுக்கணக்கில் வாய் திறவாது அமர்ந்து, தேவைக்கு மேல் மனனம் செய்வதிலேயே காலத்தைப் போக்கும் மாணவர்களைப் பற்றி அவர் வருந்துகிறார். கலந்து பேசி வாதிட்டால்தான் அறிவு திறனாக மாறும் என்பது அவர் முடிவு. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை மக்ரிபில் ஒன்றாகவும் அந்தலூஸில் வேறொன்றாகவும் இருப்பதை ஒப்பிட்டு, அதனால் அவ்வந்நாட்டு மக்களின் மொழித்திறன் எவ்வாறு வேறுபட்டது என்றும் காட்டுகிறார். கடுமையோடு வளர்க்கப்படும் பிள்ளை ஊக்கம் இழந்து சோம்பலுக்கும் பொய்க்கும் ஆளாகிறான் என்றும் எச்சரிக்கிறார். பண்பாடும் உள்ளமும் சேர்ந்துதான் ஒருவனுடைய கல்வியை உருவாக்குகின்றன என்பதை ஏறத்தாழ அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுரைத்தவர் நம் நூலகத்திலேயே இருந்தார். நாம் அவரை எடுத்துப் படிக்கவில்லை.

மற்றொன்றையும் கூறியாக வேண்டும். ஓரிடத்தில் பெற்ற திறமை தானாக நடந்து மற்றோரிடத்துக்கு வந்துவிடுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் வாழும் வை மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களிடையே மூவகை எழுத்தறிவு உண்டு. பள்ளியில் ஆங்கிலம், குர்ஆன் பள்ளியில் அரபு, இவ்விரண்டும் அன்றி, 1830களில் அவர்களே உருவாக்கிய வை எழுத்து. அதனை எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை. உற்றார் உறவினரிடம் கற்றுக் கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்துகின்றனர். இதைப் படித்தபோது நமக்கு நம் பாட்டியாரின் நினைவு வந்தது. பள்ளிக்கூட வாயிலை மிதியாதவர். ஆயினும் அரபுத் தமிழில் எழுதிய ஏடுகளைச் சரளமாகப் படிப்பார். கொழும்பில் இருந்த பாட்டனாருக்கு அவ்வெழுத்திலேயே கடிதம் எழுதுவார். ஊரார் அவரைப் ‘படிக்காதவர்’ என்றே கூறினர்.

அவ்வை மக்களிடையே சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் நடத்திய ஆய்வு 1981இல் நூலாக வெளிவந்தது. குர்ஆன் ஓதிப் பழகியோர், ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே சென்று வரிசையாக நினைவிற்கொள்ளும் தேர்வில் சிறந்து விளங்கினர். ஓதும்போது அவர்கள் செய்வதும் அதுவே அன்றோ? வை எழுத்தில் கடிதம் எழுதிப் பழகியோர், முன்னே இல்லாத ஒருவருக்குச் செய்தியைத் தெளிவாக விளக்கும் தேர்வில் சிறந்தனர். பள்ளியில் படித்தோர் தம் விடைக்குக் காரணம் கூறுவதில் சிறந்தனர். எப்பயிற்சியும் எல்லாத் திறமையையும் தந்துவிடவில்லை.

நம் நாட்டு ஆய்வும் இதனையே உறுதிப்படுத்துகிறது. கொல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் நடத்திய ஆய்வு 2025இல் வெளிவந்தது. சந்தையில் சிக்கலான கணக்கை மனத்திலேயே போடும் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினர். பள்ளிக் கணக்கில் தேறிய மாணவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஆற்றின் இரு கரையிலும் பிள்ளைகள் நிற்கின்றனர், பாலம் இல்லை. அப்பாலத்தைப் பிள்ளை கட்ட இயலாது. ஆசிரியரும் பெற்றோரும்தான் கட்ட வேண்டும். 1979இல் அந்தப் பாலத்தின் முதற்கல்லை நம் கையில் கொடுத்தவன் அவன், “அவர் ஏன் நட்டத்துக்கு வித்தார்?” என்று. அக்கல்லை நாம் வீசி எறிந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, அஸர் தொழுகைக்குப் பின், நம் வீட்டு வாயிலில் ஒருவர் ஸலாம் கூறி நின்றார். அறுபதை நெருங்கும் வயது; நரைத்த தாடி; உடன் பதினொரு வயதுப் பேரன். அவர் தம்மை இன்னார் என்று கூறியதும் நாம் எழுந்துவிட்டோம். சென்னையில் சொந்தமாகக் கடை வைத்து, நன்கு நடத்தி, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். அமரச் சொன்னோம். நம் முன் அமரத் தயங்கினார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பேரனைக் காட்டி, “இவன் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறான் சார். கணக்கில் ஒன்றும் வரவில்லை. வகுப்பில் வாயே திறக்கமாட்டேன் என்கிறானாம். என் மாதிரிதான். எனக்குப் படிப்பு வராது என்று நீங்கள் அன்றைக்கே கண்டுபிடித்துச் சொன்னீர்கள். இவனையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். வராது என்றால் காலத்தோடு கடையில் போட்டுவிடலாம்” என்றார்.

அதில் ஏளனம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நன்றி இருந்தது. அதுதான் நம்மை வாட்டியது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த மனிதர் நம் சொல்லை உண்மை என்று நம்பி, அதைத் தம்மோடு சுமந்து, இப்போது பேரன் தலையிலும் இறக்கி வைக்க வந்திருக்கிறார். ஆசிரியரின் சொல் எத்தனை ஆண்டு வாழும் என்ற கேள்விக்கு விடை நம் எதிரே நின்றது.

நாம் அவரிடம் அனைத்தையும் கூறினோம்: கடையில் அன்று கண்டதை; கண்டும் கூறாதிருந்ததை; பின்னர் படித்ததை. “படிப்பு வராதவர் நீங்கள் அல்லர், கற்பிக்க வராதவர் நாம். எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றோம். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “அல்லாஹ் எழுதியது சார். ஆனால் வாப்பா இருக்கும்போது இதைச் சொல்லியிருக்கலாம்” என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

அதன்பின் பேரன் வாரம் இரு நாட்கள் நம்மிடம் வரலானான். முதல் வாரம் நாம் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அவன் கிரிக்கெட்டில் உயிரை வைத்திருப்பவன். “ஐந்து ஓவரில் 42 ஓட்டம் வேண்டுமென்றால்?” என்று கேட்டோம். “ஓவருக்கு எட்டுக்கு மேலே, எட்டரைக்குக் கீழே” என்றான், கண்ணிமைக்கும் நேரத்தில். “அந்த ‘மேலே’ என்பதைத் தாளில் எப்படி எழுதுவாய்?” என்றோம். விழித்தான். அங்கிருந்து தொடங்கினோம். 8.4 என்பது அவனுக்குப் பள்ளியில் ஒரு புள்ளி வைத்த அச்சம். திண்ணையில் அது வெற்றி தோல்வியை முடிவு செய்யும் எண். இரண்டும் ஒன்றே என்று அவன் கண்டுகொள்ள ஒரு மாதம் ஆயிற்று. வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாததால்தான் அவன் வாய் மூடியிருந்தான் என்பதும் மெல்லத் தெரிய வந்தது. அவனுடைய ஆசிரியையைச் சென்று கண்டோம். வகுப்பு முடிந்ததும் தனியே தமிழில் கேட்க அவனுக்கு அவர் இசைவு தந்தார். பெரிய புதுமை எதுவும் நடந்துவிடவில்லை. இப்போது அவன் கணக்கில் தேறுகிறான். முதலிடம் பெறுகிறவன் அல்லன். ஆனால் கேட்கிறான்.

ஒரு நாள் அவனுக்கு நம் பழைய கணக்கையே கொடுத்தோம். 180 ரூபாய் அரிசி மூட்டைக் கணக்கை. அவன் தாளை எடுப்பதற்குள், திண்ணையின் மூலையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த அவன் பாட்டனார், “நூற்றுக்குப் பத்து” என்றார். நாம் திரும்பிப் பார்த்தோம். அவர் புன்னகைத்தார்.

“அவர் ஏன் நட்டத்துக்கு விற்றார் என்று இப்போது தெரிகிறது சார். மழைக்காலத்தில் மூட்டையில் ஈரம் ஏறும். பத்து விழுக்காடு போனாலும் போகட்டும் என்று உடனே விற்றால்தான் மிச்ச முதல் தப்பும். அன்றைக்கே நீங்கள் அதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கணக்குப் புரிந்திருக்கும்.”

பேரன் தாளை மூடிவைத்துவிட்டு, “ஈரம் ஏறினால் எடை கூடுமே, அப்போது இலாபம்தானே?” என்று கேட்டான். பாட்டனார் உரக்கச் சிரித்து, அது ஏன் நேர்மையான வணிகம் ஆகாது என்று அவனுக்கு விளக்கத் தொடங்கினார். அன்று நாம் பாடம் நடத்தவில்லை, கேட்டுக்கொண்டிருந்தோம்.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் நாம் வேண்டுவது சிறிதே. உங்கள் பிள்ளை வகுப்பில் பேசவில்லையாயின், எங்கே பேசுகிறான் என்று முதலில் தேடுங்கள். தாளில் கணக்குத் தவறினால், எந்தக் கணக்கைத் தவறாமல் போடுகிறான் என்று பாருங்கள். ஆசிரியரை மதிக்கக் கற்பிப்பதோடு, அவரிடம் அடக்கமாகக் கேள்வி கேட்கவும் கற்பியுங்கள். ஒருவேளை ஆசிரியர் உங்களை அழைத்து, “இப்பிள்ளைக்குப் படிப்பு வராது” என்று கூறினால், மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளை அருகில் நிற்க, “நீங்கள் சொன்னால் சரி” என்று மட்டும் கூறிவிடாதீர்கள். அன்று கூறியவர் தவறிவிட்டார் என்பதற்கு, கூறிய நாமே சாட்சி.